நடுக்களத்தில் ஓர் இளைஞன்

கால்பந்தாட்டம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கோல். பந்து வலைக்குள் பாய்கிறது, அரங்கம் அதிர்கிறது, அடித்தவனைத் தோழர்கள் தூக்கிக் கொண்டாடுகிறார்கள், மறுநாள் பத்திரிகைகளில் அவன் படம் வருகிறது. இது இயற்கையே. ஆனால் அந்தப் பந்து அவன் காலடிக்கு யார் வழியாக வந்தது என்று கேட்போர் மிகச் சிலர். விளைந்த கதிரைப் பார்க்கிறோம். நீர் கொணர்ந்த வாய்க்காலைப் பார்ப்பதில்லை. கால்பந்தில் அந்த வாய்க்கால் வேலையைச் செய்பவர்தான் நடுக்கள ஆட்டக்காரர். அத்தகையவர் ஒருவரைப் பற்றி, ஸ்காட்லாந்து நாட்டு இளைஞர் பில்லி கில்மோரைப் பற்றி, இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன்.

தமிழ் மாணவர் சங்கத்தின் இதழில் ஸ்காட்லாந்துக்காரருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அவர் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று நான் வாதிடப் போவதில்லை. ஆனால் பதினாறு வயதில் ஊரை விட்டுப் புறப்பட்டு, பெரிய இடம் ஒன்றில் சேர்ந்து, தன் திறமை பிறர் கண்ணில் படும் நாளுக்காகப் பொறுமையோடு காத்திருந்த ஒருவரின் வரலாறு, ஊரை விட்டு வந்து இங்கே படிக்கும் நமக்கு அந்நியமானதாக இராது. கட்டுரையின் முடிவில் நண்பர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

நடுக்களம் என்பது யாது?

முதலில் ஆட்டத்தைச் சற்று விளங்கிக்கொள்வோம். சர்வதேச ஆட்டங்களுக்கான திடல் பொதுவாக 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது; அதாவது 7,140 சதுர மீட்டர். அதில் ஆடுவோர் 22 பேர். சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிரவுண்டு மனை கிடைக்கும். தாராளமான இடந்தானே என்று தோன்றும். உண்மையில் அப்படியில்லை. பந்து இருக்கும் இடத்தை நோக்கி இரு அணிகளும் நெருங்கிக்கொள்வதால், திடலின் ஓரங்கள் காலியாகவும் நடுப்பகுதி சந்தைக் கூட்டமாகவும் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று, பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கி, முன்னால் இருப்பவனுக்கு அனுப்ப வேண்டியவர் நடுக்கள ஆட்டக்காரர். முந்தைய தலைமுறையினர் ‘ஹாஃப்-பேக்’ என்று சொன்ன இடம் பெரும்பாலும் இதுவே.

சிறிய கணக்கு ஒன்று. ஓர் அணியின் 11 பேரில் இருவர் இருவராக இணைத்தால் மொத்தம் 55 இணைப்புகள் கிடைக்கும். ஆட்டம் முழுவதும் பந்து இந்த 55 பாதைகளில்தான் பயணம் செய்கிறது. ஓரத்தில் நிற்பவனுக்கு எதிர் ஓரத்தில் இருப்பவன் வெகு தூரம். அந்தப் பாதை எளிதில் அடைபட்டுவிடும். நடுவில் நிற்பவனுக்கோ தன் பத்துத் தோழர்களும் ஓரளவு அருகிலேயே இருக்கிறார்கள். எனவே அவன் நன்றாக ஆடினால் பத்துப் பாதைகள் திறக்கும். தடுமாறினால் பத்தும் மூடும். நடுக்களம் தோற்றால் அணியே தோற்றது போல் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது நேரம். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒரு தனி ஆட்டக்காரரின் காலில் பந்து இருப்பது சில நிமிடங்களே. மீதி நேரமெல்லாம் அவர் என்ன செய்கிறார்? பார்க்கிறார். நல்ல நடுக்கள ஆட்டக்காரர் பந்து தம்மிடம் வருவதற்கு முன்பே வலத்திலும் இடத்திலும் தோளுக்குப் பின்னாலும் திரும்பித் திரும்பி நோக்குவார். பந்து வந்தபின் பார்க்கலாம் என்றிருந்தால், அதற்குள் எதிரி மேலே வந்து விழுந்துவிடுவான். நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் கேய்ர் யோர்டெட் இந்தத் தலைதிருப்பலையே ஆய்வுப் பொருளாகக் கொண்டு, ஒளிப்பதிவுகளை வைத்து எண்ணிக் கணக்கிட்டார். பந்து வரும் முன் அடிக்கடி சுற்றிலும் பார்ப்பவர்களே தோழர்களுக்குப் பந்தைச் சரியாகக் கொண்டு சேர்ப்பதில் மேலானவர்கள் என்பது அவருடைய ஆய்வுகளில் தெரியவந்தது. ஆக, நடுக்களத்தில் காலைவிடக் கண்ணுக்கே முதலிடம்.

நான் இரசாயனம் படிப்பவன். ஆதலால் எனக்குத் தெரிந்த உவமை ஒன்றைச் சொல்கிறேன். இரசாயன மாற்றங்களில் வினையூக்கி என்று ஒன்று உண்டு. இரண்டு பொருள்கள் சேர்ந்து மூன்றாவது உண்டாவதற்கு இடையில் நிற்கும் தடையைக் கடக்க அது எளிய வழி காட்டுகிறது. வினை முடிந்ததும் விளைபொருளில் அதன் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஆனால் அது இல்லையேல் வினை நடந்தேறப் பல மணி நேரம் ஆகலாம், நடக்காமலே போகலாம். கில்மோர் போன்ற நடுக்கள ஆட்டக்காரர் கால்பந்தின் வினையூக்கி. ஸ்காட்லாந்து அணிக்காக அவர் முதன்முதல் ஆடியது 2021 ஜூன் 2 அன்று. அந்த அணிக்காக முதல் கோல் போட்டதோ 2024 செப்டம்பர் 5 அன்று, போலந்துக்கு எதிராக. இடையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல்! கோல் கணக்கை மட்டும் பார்ப்பவன், இவரை ஏன் அணியில் வைத்திருந்தார்கள் என்று வியப்பான்.

ஸ்காட்லாந்தின் மரபு

இந்த ஆட்டமுறைக்கும் ஸ்காட்லாந்துக்கும் பழைய உறவு உண்டு. இரு நாடுகளுக்கு இடையிலான முதல் அதிகாரபூர்வமான கால்பந்தாட்டம் 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோ நகரை அடுத்த பார்ட்டிக்கில், இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடந்தது. ஸ்காட்லாந்து அணியின் பதினொருவரும் குவீன்ஸ் பார்க் என்னும் ஒரே சங்கத்தைச் சேர்ந்தவர்கள். இங்கிலாந்துக்காரர்கள் உடல் கனத்தவர்கள்; அக்கால வழக்கப்படி பந்தைத் தனியே ஓட்டிச் செல்பவர்கள். எடை குறைந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் மோதி வெல்ல முடியாதென்று கண்டு, பந்தை ஒருவருக்கொருவர் அனுப்பி ஆடினார்கள். ஆட்டம் கோலின்றிச் சமநிலையில் முடிந்தது. உடல் பலத்துக்கு மாற்று, சேர்ந்து ஆடும் அறிவு என்ற பாடம் மட்டும் நிலைத்துவிட்டது.

பிறகு நடந்தது இன்னும் சுவையானது. இந்தக் கலையைக் கற்க விரும்பிய இங்கிலாந்துச் சங்கங்கள் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களைத் தெற்கே அழைத்துக்கொண்டன. அவர்களுக்கு ‘ஸ்காட்லாந்துப் பேராசிரியர்கள்’ என்றே பட்டப்பெயர் வழங்கலாயிற்று. ஆட்டத்துக்குக் கூலி பெறுவதை இங்கிலாந்து 1885-இல் அங்கீகரித்தது; ஸ்காட்லாந்து 1893-இல்தான் அங்கீகரித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பிழைப்பைத் தேடித் தெற்கே சென்ற இளைஞர் பலர். 1892-இல் லிவர்ப்பூல் சங்கம் தொடங்கியபோது அதன் அணியில் ஏறத்தாழ எல்லாருமே ஸ்காட்லாந்துக்காரர்கள். நம் நாட்டிலுங்கூட, 1888-இல் சிம்லாவில் நடந்த முதல் டியூராண்ட் கோப்பையை வென்றது ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராயல் ஸ்காட்ஸ் பியூசிலியர்ஸ் படைப்பிரிவு. கில்மோர் தெற்கே போனது, இந்த நீண்ட வரிசையில் இன்னொரு பயணம்.

புறப்பாடு

பில்லி கில்மோர் 2001 ஜூன் 11 அன்று பிறந்தார். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள ஆர்ட்ராசன் என்ற சிறிய துறைமுக ஊரில் வளர்ந்தார். கில்மார்னக் ஊரில் உள்ள கிரேஞ்ச் அகாடமி, படிப்போடு கால்பந்துப் பயிற்சியும் தருவதற்கென்று ஸ்காட்லாந்துக் கால்பந்துக் கழகம் தேர்ந்தெடுத்த பள்ளிகளுள் ஒன்று, அங்கே படித்தார். சிறுவயதிலேயே கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் சங்கத்தில் சேர்ந்தார். பதினைந்தாம் வயதிலேயே பெரியவர்களோடு பயிற்சி செய்ய அழைக்கப்பட்டார். 2017-இல், பதினாறு வயது நிறைந்ததும், லண்டனின் செல்சி சங்கம் அவரை வாங்கிக்கொண்டது. விலை சுமார் ஐந்து லட்சம் பவுன் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின.

செல்சி செல்வம் மிக்க சங்கம். உலகெங்கிலுமிருந்து பெயர் பெற்றவர்களை விலைகொடுத்து வாங்கும் வழக்கமுடையது. அங்கே பயிற்சி பெறும் இளைஞர்களில் முதல் அணியை எட்டுபவர் சிலரே. கில்மோரின் உயரமும் சுமார் ஐந்தடி ஏழங்குலந்தான். ‘திறமை உண்டு; ஆனால் உடல் போதாது’ என்ற தீர்ப்பு அவரை இளமையிலிருந்தே தொடர்ந்து வந்தது.

வாய்ப்பு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. வயது நிரம்பாத வெளிநாட்டுச் சிறுவர்களைச் சேர்ப்பது பற்றிய விதிகளை மீறியதற்காக, உலகக் கால்பந்து சம்மேளனம் 2019-இல் செல்சிக்குத் தண்டனை விதித்தது. அந்தக் கோடையில் அச்சங்கம் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய இயலவில்லை. வாங்க முடியாதபோதுதான் வீட்டில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது! புதிதாகப் பொறுப்பேற்ற பிராங்க் லாம்பார்டு இளைஞர்களைக் களத்தில் இறக்கினார். 2019 ஆகஸ்டு 31 அன்று ஷெபீல்டு யுனைட்டெட் அணியுடன் நடந்த ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் கில்மோர் முதல்முறையாக லீக் ஆட்டத்தில் கால் வைத்தார்.

ஐந்து நாள்களில் ஒரு பெயர்

2020 மார்ச் 3. எப்.ஏ. கோப்பையின் ஐந்தாம் சுற்று. எதிரில் லிவர்ப்பூல், அப்போது ஐரோப்பாவின் சாம்பியன், இங்கிலாந்து லீகிலும் மற்றவர்களை வெகு தூரம் பின்தள்ளி முன்னணியில் இருந்த அணி. நடுக்களத்தில் பதினெட்டு வயதுக் கில்மோர். பந்தைக் கண்டு அவர் ஒளியவில்லை. கேட்டுக் கேட்டு வாங்கினார். எதிரிகள் சூழ்ந்தபோது அரை வட்டம் திரும்பி அவர்களைக் கழற்றிவிட்டார். செல்சி 2-0 என வென்றது. இரு கோல்களையும் போட்டவர்கள் வேறு இருவர். ஆட்டத்தின் சிறந்த வீரர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் கில்மோர்! ஐந்து நாள் கழித்து, மார்ச் 8 அன்று எவர்ட்டனுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்தே ஆடினார். 4-0 வெற்றி. மறுபடியும் அவருக்கே அப்பரிசு.

இனி ஏறுமுகந்தான் என்று எல்லாரும் எண்ணினார்கள். மேலும் ஐந்து நாள் கழித்து, மார்ச் 13 அன்று, கொரோனாப் பெருந்தொற்றால் லீக் ஆட்டங்களே நிறுத்தப்பட்டன. ஜூன் மாதம் மீண்டும் தொடங்கியபின், ஜூலை 7 அன்று கிரிஸ்டல் பாலஸ் அணியுடன் ஆடுகையில் முழங்காலில் பலத்த அடி, அறுவைச் சிகிச்சை. டிசம்பரில்தான் களம் திரும்ப முடிந்தது. 2021 ஜனவரியில் லாம்பார்டு நீக்கப்பட்டு டோமஸ் டூகல் வந்தார். புதிய தலைவருக்குப் புதிய கணக்கு. அவ்வாண்டு மே 29 அன்று செல்சி ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது, கில்மோர் மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கையில் அமர்ந்திருந்தார்.

வெம்பிளியில் ஓர் இரவு

இருபதே நாளில் காட்சி மாறியது. ஸ்காட்லாந்தின் ஆடவர் அணி 1998-க்குப் பிறகு முதன்முறையாகப் பெரிய போட்டியொன்றில் நுழைந்திருந்தது. முதல் ஆட்டத்தில் செக் குடியரசிடம் 0-2 எனத் தோற்றுவிட்டது. அடுத்தது இங்கிலாந்து, இடம் இங்கிலாந்தின் சொந்த அரங்கமான வெம்பிளி. 2021 ஜூன் 18 அன்று பயிற்சியாளர் ஸ்டீவ் கிளார்க் கில்மோரைத் தொடக்க பதினொருவரில் சேர்த்தார். நாட்டுக்காகத் தொடக்கத்திலிருந்து அவர் ஆடிய முதல் ஆட்டம் அது. வயது இருபது கடந்து ஒரு வாரம்.

அந்த ஆட்டத்தின் பதிவைப் பிற்பாடு விடுதியில் என் வங்க நண்பர் ஒருவரோடு பார்த்தேன். அவர் தலைமுறை தலைமுறையாகக் கால்பந்துப் பித்துப் பிடித்த குடும்பத்தவர். “கோலைப் பார்க்காதே, அந்தச் சின்னப் பையனின் தலையைப் பார்” என்றார். பார்த்தேன். பந்து பின்களத்தில் இருக்கும்போதே அந்தத் தலை வலமும் இடமும் திரும்புகிறது. பந்து வந்ததும் ஒரு தொடுதல், இரண்டு தொடுதல், போய்விட்டது. அவசரம் இல்லை; அலட்டல் இல்லை. ஆட்டம் 0-0 என முடிந்தது. 1872-இல் முடிந்தது போலவே! சிறந்த வீரர் என்று அறிவிக்கப்பட்டவர் கில்மோர்.

மூன்று நாள் கழித்து அவருக்குக் கொரோனா தொற்று இருப்பது தெரிந்தது. தனிமையில் இருத்தப்பட்டார். ஜூன் 22 அன்று அவர் இல்லாமல் ஆடிய ஸ்காட்லாந்து, குரோஷியாவிடம் 1-3 எனத் தோற்றுப் போட்டியிலிருந்து வெளியேறியது.

காத்திருந்த காலம்

அடுத்து வந்தவை கடினமான ஆண்டுகள். 2021-22 பருவத்துக்கு நார்விச் அணிக்கு இரவலாக அனுப்பப்பட்டார். அந்த அணி இருபதில் இருபதாவதாக முடிந்து கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டது. தோற்கும் அணியில் எல்லாரும் ஒருவனைத் தேடுவார்கள் அன்றோ? இரவலாக வந்தவன் வசதியான இலக்கு. அந்த அணியின் ரசிகர்களே அவரை ஏளனம் செய்து பாடியதும் உண்டு.

2022 செப்டம்பர் 1 அன்று பிரைட்டன் அணிக்கு மாறினார். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் கிரஹாம் பாட்டர். ஒரே வாரம்! செப்டம்பர் 8 அன்று பாட்டர், கில்மோர் விட்டுவந்த அதே செல்சிக்குப் போய்விட்டார். வந்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இதை நான் படித்தபோது புன்னகையும் வந்தது, பெருமூச்சும் வந்தது. நான் இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த ஆண்டில், என்னைத் தம் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொண்ட பேராசிரியர் சில மாதங்களிலேயே வேறிடம் சென்றுவிட்டார். அது அவர் குற்றமன்று. ஆயினும், நம்மைத் தெரிந்து தேர்ந்தெடுத்தவர் போனபின், நம்மைத் தெரியாதவர் முன் நிற்பது தனி அனுபவம். மொழியும் புதிது, முகமும் புதிது என்றால் கேட்கவே வேண்டாம். இங்குள்ள நண்பர்களில் இதை அறியாதவர் குறைவு.

பிரைட்டனுக்கு அடுத்து வந்தவர் இத்தாலியரான ராபர்ட்டோ டெ செர்பி. அவருடைய ஆட்டமுறை, எதிரியை வேண்டுமென்றே அருகில் வரவழைத்து, அவன் விட்டுவந்த வெற்றிடத்தின் வழியே பந்தை அனுப்புவது. துணிச்சலும் துல்லியமும் வேண்டும். பல மாதங்கள் கில்மோருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த முறையை அவர் கற்றுக்கொண்டார். 2023 கோடையில் நடுக்களத்தின் இரு தூண்களான மக்காலிஸ்டரும் கைசேதோவும் பெரும் விலைக்குப் பிற சங்கங்களுக்குச் சென்றதும், அடுத்த பருவத்தில் கில்மோர் அடிக்கடி ஆடலானார். இடம் காலியானபோது அவர் ஆயத்தமாக இருந்தார். கவனிக்க வேண்டியது அதுவே.

நாப்போலி

2024 ஆகஸ்டு 30 அன்று இத்தாலியின் நாப்போலி சங்கம் அவரை அழைத்துக்கொண்டது. அதே நாளில் மற்றொரு ஸ்காட்லாந்து நடுக்கள ஆட்டக்காரரான ஸ்காட் மெக்டாமினேயும் அங்கே சேர்ந்தார். முந்திய பருவத்தில் பத்தாம் இடத்தில் முடிந்திருந்த அணி அது. பயிற்சியாளர் அன்டோனியோ கான்டே கண்டிப்புக்குப் பேர்போனவர். கில்மோரின் இடத்தில் ஏற்கெனவே ஸ்லோவாக்கிய நாட்டின் லோபோட்கா உறுதியாக நின்றார். அவர் ஆட முடியாதபோதெல்லாம் கில்மோர் ஆடினார். 2025 மே மாதம், பருவத்தின் கடைசி வாரங்களில் லோபோட்கா காயமுற, அந்த நெருக்கடியான நேரத்தில் நடுக்களத்தைத் தாங்கியவர் கில்மோர். மே 23 அன்று காக்லியாரியை 2-0 என வென்று நாப்போலி பட்டம் பெற்றது. புள்ளிகள் 82, இரண்டாவது வந்த இன்டர் மிலானுக்கு 81. ஒரே ஒரு புள்ளி!

அந்தப் பருவத்தின் சிறந்த வீரர் என்ற விருது மெக்டாமினேக்குக் கிடைத்தது. அவர் கோல் போடும் நடுக்கள ஆட்டக்காரர். விருதுக்கு முற்றிலும் தகுதியானவர். ஆனால் ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்ற பட்டத்தில், இரண்டு மூன்று வாரம் ஒருவர் தடுமாறாமல் நின்றதன் விலை என்ன என்று கணக்கிட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று பீசா அணிக்கு எதிராக நாப்போலிக்காக முதல் கோலையும் கில்மோர் போட்டார். அதே ஆண்டு நவம்பர் 18 அன்று ஸ்காட்லாந்து டென்மார்க்கை 4-2 என வென்று, 1998-க்குப் பிறகு முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அந்தப் பொன்னான இரவில் கில்மோர் ஆடவில்லை. அவருடைய வரலாற்றில் இதுவும் புதிதன்று.

நாம் காண்பது

இந்த வரலாற்றில் வெற்றி மேல் வெற்றி என்று ஏணிப்படி இல்லை. ஐந்து நாள் புகழ், ஐந்து மாத முடக்கம். ஓர் இரவு வெம்பிளி, ஓராண்டு ஏளனம். நோயும் காயமும் தலைவர் மாற்றமும் அவர் கையில் இல்லை. அவர் கையில் இருந்தது ஒன்றே: பந்து வரும் முன் சுற்றிலும் பார்த்துவைப்பது. இடம் கிடைக்காத மாதங்களில் அவர் செய்ததும் ஒருவகையில் அதுதான்.

திறமை இருந்தால் உலகம் தானே தேடி வரும் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. முழு உண்மையன்று. செல்சிக்குத் தண்டனை விதிக்கப்படாதிருந்தால், லாம்பார்டுக்கு மனம் வராதிருந்தால், ஆர்ட்ராசன் சிறுவனின் பெயரை நாம் கேட்டிருப்போமோ என்னவோ! வாய்ப்பு வருவது நம் வசத்தில் இல்லை. வரும் வேளையில் ஆயத்தமாக இருப்பது ஓரளவு நம் வசத்தில் உண்டு. அதே போல், பிறர் வேலையை மதிப்பிடும்போது கோல் கணக்கோடு நிறுத்திக்கொள்ளாமல் இருப்பது முற்றிலும் நம் வசத்தில் உண்டு.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை விடுதிக் கூடத்தில் எல்லாரும் கூடிக் கால்பந்தாட்டம் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். ஓர் ஐந்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு, நடுக்களத்தில் நிற்பவரை மட்டும் பாருங்கள். அவர் தலை எத்தனை முறை திரும்புகிறது என்று எண்ணுங்கள். பிறகு ஒரு கோல் விழுந்தால், அது எங்கே பிறந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.